கால் திருகு

ஜூன் 4

பல்லி,

போனில் என் எண்ணைத் தடுத்து வைத்திருக்கிறாய். தபால்காரரை அப்படித் தடுக்க முடியாது என்பதால் இதை எழுதுகிறேன். என் கையெழுத்தைப் பார்த்ததும் கிழித்துப் போடாதே. கிழிப்பதானாலும் படித்துவிட்டுக் கிழி.

அன்று உன் வீட்டில், உன் மாமியார் மாமனார் முன்னால் நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது. ஒப்புக்கொள்கிறேன். சொன்னது பொய் என்று மட்டும் ஒப்புக்கொள்ள மாட்டேன். சாப்பிட உட்கார்ந்த அரை மணி நேரத்தில் ஏழு தடவை எண்ணினேன். ஏழு தடவையும் உன் மகளின், என் மருமகளின், தாடையில் புறங்கையால் தட்டி, "வாயை மூடு, வாயை மூடு" என்றாய். ஒன்பது வயதுக் குழந்தை, வாய் நிறையச் சாப்பாட்டை வைத்துக்கொண்டு, மெல்லுவதா மூச்சு விடுவதா என்று தெரியாமல் முழித்தது. எட்டாவது தடவை தட்டியபோதுதான் நான், "பெத்த பிள்ளையப் பாத்தாலே உனக்கு அருவருப்பா இருக்கு, இல்ல?" என்று கேட்டேன். நீ என் தட்டை எடுத்துப் போய்க் கழுவப் போட்டுவிட்டாய். நான் பாதிதான் சாப்பிட்டிருந்தேன்.

அது போகட்டும். மாப்பிள்ளை நேற்று என்னோடு பேசினார். அடுத்த மாதம் முதல் ஞாயிற்றுக்கிழமை, கடைத்தெருவில் பல் கட்டுகிறவரிடம் கூட்டிப்போய் மருமகளின் எடுப்பான முன்பல் இரண்டையும் பிடுங்கப்போகிறாயாமே! அந்த ஆள் குறடைப் போட்டு வைத்திருக்கும் தண்ணீரைப் பார்த்திருக்கிறாயா? மீன் கழுவிய தண்ணீர் அதைவிடச் சுத்தம். உன் மகளின் முன்பற்கள் பால் பற்கள் இல்லை. பிடுங்கினால் பிடுங்கியதுதான், இனி முளைக்காது.

இருபத்திரண்டு வருடமாகப் பல் மருத்துவமனையின் பின்னறையில் உட்கார்ந்து ஊரார் வாயையெல்லாம் பிளாஸ்டரில் வார்த்துக்கொண்டிருக்கிறவன் சொல்கிறேன். நீ படியில் விழுந்து முன்பல் இரண்டும் போனபோது, வேலை கற்றுக்கொள்ளப் போன முதல் வருடத்திலேயே உனக்குப் பொய்ப்பல் பிளேட் செய்து மாட்டினேனே, மறந்துவிட்டாயா? அதற்குப் பிறகு நான்கு தடவை மாற்றிக் கொடுத்தாயிற்று. பெற்ற மகளுக்கே அது தெரியாது என்று நீயே சொன்னாய். அப்படிப்பட்ட கை இது. இந்தக் கையை நம்பாமல் அந்தக் குறட்டை நம்புகிறாய்.

பிடுங்குவதற்கு முன் எனக்கு ஒன்று செய். உங்கள் பக்கத்துப் பெரிய ஆஸ்பத்திரியில் பல் பிரிவில் என் பழைய கூட்டாளி இருக்கிறான். மருமகளின் வாயை அச்சு எடுத்து, எடுத்த கையோடு பிளாஸ்டர் ஊற்றி, காய்ந்த மாடலை எனக்கு அனுப்பச் சொல்லியிருக்கிறேன். நீ கூட்டிக்கொண்டு போனால் மட்டும் போதும்.

அண்ணன்

ஜூன் 12

அண்ணனுக்கு,

கடிதம் கிடைத்தது. கிழிக்கவில்லை. உறையின் மேலாவது என் பெயரை எழுதக் கூடாதா? தபால்காரர் சிரித்துக்கொண்டே கொடுத்தார்.

அச்சு எடுக்கக் கூட்டிப்போனேன். உனக்காக இல்லை, வீட்டில் அவர் நச்சரித்ததால். உன் கூட்டாளி ஒரு கிண்ணத்தில் ரோஸ் நிறக் கூழைக் குழைத்துப் பாப்பாவின் வாயில் அப்பினான். "மூக்கால மூச்சு விடு, மூக்கால விடு" என்று கத்தினான். அவள் விடவில்லை. காலை உதறினாள். கூழ் தொண்டைக்குள் வழிந்து, ஓங்கரித்து, காலையில் சாப்பிட்டதெல்லாம் என் மடியில் கொட்டியது. மூன்றாவது தடவைதான் அச்சு சரியாக வந்தது. நான் அவள் கையைப் பிடித்துக்கொள்ளவில்லை. துடைக்கப் பேப்பர் தேடிக்கொண்டிருந்தேன்.

அருவருப்பா என்று எல்லார் முன்னாலும் கேட்டாயே. ஆமாம். இப்போது உனக்கு நிம்மதியா?

என் வேலை உனக்குத் தெரியும். ஹோட்டல் துணி வெளுக்கும் சலவைக்கூடத்தில் கறை பார்க்கும் மேஜை. வெள்ளை விளக்கின் கீழே ஒரு நாளைக்கு அறுநூறு தலையணை உறை. யார் யாரோ வழியவிட்ட எச்சில், வட்டம் வட்டமாக, நடுவில் மஞ்சள், ஓரத்தில் பழுப்பு. ஓரத்தைப் பார்த்தே எத்தனை நாள் கறை என்று சொல்வேன். வீட்டுக்கு வந்து பாப்பாவின் படுக்கையைத் தட்டினால் அங்கேயும் அதே வட்டம், அதே வாடை. ராத்திரி முழுக்கக் குறட்டை. அவள் உதடு எந்நேரமும் ஈரம். வாயோரத்தில் ஆறாத வெடிப்பு. பேசினால் தெறிக்கிறது. வீட்டுப்பாட நோட்டில் மை கரைந்திருக்கிறது. கட்டிக்கொள்ள வந்தால் என் கழுத்து நனைகிறது, உடனே என் உடம்பு பின்னால் போய்விடுகிறது. நான் போகச் சொல்வதில்லை. அது தானாகப் போகிறது.

யார் வீட்டுக்கு வந்தாலும் முதலில் அந்தப் பல்லைப் பார்க்கிறார்கள், பிறகுதான் பிள்ளையைப் பார்க்கிறார்கள். பிடுங்கிவிட்டால் ஒரு நாள் வலி. அதோடு யாரும் எதுவும் சொல்ல மாட்டார்கள். உன் பிளாஸ்டர் வாய்களுக்கு யாரும் பட்டப்பெயர் வைப்பதில்லை, அதனால் உனக்கு இது புரியாது.

ஞாயிறு ஞாயிறுதான்.

தங்கை

ஜூன் 20

பல்லி,

உறையில் உன் பெயரைக் கொட்டை எழுத்தில் எழுதிவிட்டேன். உள்ளே நான் எப்படிக் கூப்பிட்டால் உனக்கென்ன?

மாடல் உடையாமல் வந்து சேர்ந்தது. உன் மகளின் வாய் இப்போது என் மேஜைமேல் இருக்கிறது. நல்ல மேல்வாய் குதிரை லாடம் மாதிரி அகலமாக வளைந்திருக்கும். இது இரண்டு பக்கமும் நசுங்கி, முன்னால் கூம்பிப் போயிருக்கிறது. அண்ணத்தின் பள்ளத்தில் என் கட்டைவிரல் முழுதாகப் புதைகிறது. வலது பக்கம் மேலே உள்ள பின்பற்கள் கீழ்ப்பற்களுக்கு உள்ளே போய் விழுகின்றன. இவ்வளவு குறுகலான இடத்தில் வரிசையாக நிற்க முடியாமல்தான் முன்பல் இரண்டும் வெளியே தள்ளிக்கொண்டு வந்துவிட்டன. பஸ்ஸுக்குள் இடமில்லாமல் படியில் தொங்குகிறவர்களைப் போல. தொங்குகிற இரண்டு பேரைத் தள்ளிவிட்டால் பஸ் அகலமாகிவிடுமா?

ஏன் குறுகியது என்று கேள். வாயை மூடியிருக்கும்போது நாக்கு அண்ணத்தோடு ஒட்டி நிற்க வேண்டும். உள்ளேயிருந்து அதுதான் வளைவைத் தாங்குகிறது. வாயாலேயே மூச்சு விடுகிற குழந்தைக்கு நாக்கு கீழே படுத்துக்கொள்ளும். வெளியேயிருந்து கன்னம் அமுக்கிக்கொண்டே இருக்கும். வருடக்கணக்கில் இப்படி இருந்தால் எலும்பே அதற்குத் தக்கபடி வளர்ந்துவிடும். எல்லா எடுப்புப் பல்லுக்கும் இதுதான் காரணம் என்று சொல்லவில்லை. சிலருக்குப் பிறப்பிலேயே வரும், சிலருக்கு விரல் சூப்பி வரும். ஆனால் எச்சில், குறட்டை, வாயோர வெடிப்பு, அச்சு எடுக்கும்போது மூச்சுத் திணறியது என்று நீ எழுதியதையெல்லாம் கூட்டிப் பார்த்தால் எனக்கு மூக்குமேல்தான் சந்தேகம். மூக்குக்குப் பின்னால் சதை வளர்ந்து அடைத்திருக்கலாம்.

ஒரு மிடறு தண்ணீரை வாயில் வைத்து உதட்டை மூடிக்கொள்ளச் சொல். மூக்கு திறந்திருந்தால் அறுபது எண்ணும்வரை சும்மா இருப்பாள். இல்லையென்றால் காது மூக்கு தொண்டை டாக்டரிடம் கூட்டிப்போ. பல்லெல்லாம் அதற்குப் பிறகு.

மூக்கு நிஜமாகவே அடைத்திருந்தால், இத்தனை நாளாக நீ தாடையில் தட்டித் தட்டிச் சொன்னதற்கு என்ன அர்த்தம் தெரியுமா? வாயை மூடு என்று இல்லை. மூச்சு விடாதே என்று.

அண்ணன்

ஜூன் 27

அண்ணனுக்கு,

நீ சொன்னபடி தண்ணீர் வைத்துப் பார்த்தேன். எதிரே உட்கார்ந்து நான்தான் எண்ணினேன். பத்தில் தோள் மேலே ஏறியது. பதினான்கில் கண் சிவந்தது. பதினாறில் என் முகத்தில் துப்பிவிட்டாள். முகத்தில், அண்ணா. தண்ணீரும் எச்சிலும் சளியும் சேர்ந்து என் உதட்டில் வழிந்தது. நான் குளியலறைக்கு ஓடி மூன்று தடவை சோப்புப் போட்டேன்.

வெளியே வந்தபோது அவள் தன் சட்டை நுனியால் தரையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். "ஸாரிம்மா. இன்னொரு தடவ வச்சா இருபது வரைக்கும் இருப்பேன்" என்றாள்.

மூக்கு டாக்டரிடம் போனால் அறுக்க வேண்டும் என்பார். மாமியார் இப்போதே "பல்லுக்கும் மூக்குக்கும் என்ன சம்பந்தம்? உங்க அண்ணன் பெரிய டாக்டரா?" என்று கேட்டாயிற்று. அறுப்பதைவிடப் பிடுங்குவது சின்ன வேலை. இன்னும் எட்டு நாள்தான் இருக்கிறது, தயவுசெய்து மூக்கை நுழைக்காதே.

தங்கை

ஜூன் 29

பல்லி,

இதைக் கூரியரில் அனுப்புகிறேன். கூடவே ஒரு சின்ன டப்பா வரும்.

உள்ளே இருப்பது வாயை அகலப்படுத்தும் பிளேட். ரோஸ் நிறத்தில் இரண்டு பாதி, நடுவில் ஒரு திருகு. திருகைத் திருப்பினால் இரண்டு பாதியும் ஒரு மயிரிழை விலகும். அந்த மயிரிழை இடம்தான் மெதுமெதுவாகப் பல்லைத் தள்ளும். எங்கள் டாக்டரம்மா விடுப்பில் இருக்கிறார். அவர் வரும்வரை காத்திருந்தால் உன் ஞாயிறு வந்துவிடும். அதனால் மாடலை வைத்து நானே செய்துவிட்டேன். குழந்தையைப் பார்க்காமல் செய்யக் கூடாதுதான். அந்தக் குறடு என்னை அவசரப்படுத்திவிட்டது.

கவனமாகப் படி. வாரத்துக்கு ஒரு முறை, சனிக்கிழமை என்று வைத்துக்கொள். பிளேட்டை வெளியே எடுத்துக் கழுவி, சாவிக் கம்பியைத் துளையில் விட்டு, அம்புக்குறி காட்டும் பக்கம் கால் சுற்று திருப்பு. கால் சுற்றுக்கு மேல் கூடாது. நீதான் திருப்ப வேண்டும், மருமகளிடம் விட்டுவிடாதே. மாட்டும்போதும் நீயே விரலை உள்ளே விட்டு மாட்டு. எங்கே அழுத்துகிறது, எங்கே வெட்டுகிறது என்பது விரலுக்குத்தான் தெரியும். மறக்காமல் இருக்க டப்பா மூடியின் உள்பக்கம் ஒரு சீட்டும் ஒட்டியிருக்கிறேன்.

இதைப் போட்டுக்கொண்டிருக்கும்வரை அந்த ஆளிடம் கூட்டிப்போக மாட்டேன் என்று ஒரு வரி எழுது. எனக்கு அது போதும்.

அண்ணன்

ஜூலை 15

அண்ணனுக்கு,

நீ அனுப்பிய சனியனை இத்துடன் திருப்பி அனுப்புகிறேன். ஒரு பையில் போட்டு, அந்தப் பையை இன்னொரு பையில் போட்டிருக்கிறேன். திறக்கும்போது மூக்கைப் பொத்திக்கொள்.

நேற்று பள்ளிக்கூடத்திலிருந்து கூப்பிட்டார்கள். பாப்பாவின் வாய் வாடை தாங்காமல் பக்கத்தில் உட்காருகிற பெண் இடம் மாறிக்கொண்டாளாம். நான் போனபோது கடைசி பெஞ்சில் தனியாக உட்கார்ந்திருந்தாள். வாயைத் திறக்கச் சொன்னால் மாட்டேன் என்கிறாள். கட்டாயப்படுத்தித் திறந்தேன். உன் பிளேட் பல்லில் பொருந்தாமல் பாதியில் தொங்கிக்கொண்டிருந்தது. கம்பி ஈறுக்குள் இறங்கியிருந்தது. அண்ணமெல்லாம் புண், அழுகிய பழத்தின் தோல் மாதிரி வெள்ளையாக உரிந்து. இரத்தமும் சீழும். மூன்று நாளாகச் சாப்பாட்டைத் தட்டில் பிசைந்துவிட்டு யாருக்கும் தெரியாமல் கொட்டியிருக்கிறாள். எனக்கு அங்கேயே குமட்டியது. வகுப்பு டீச்சர் எனக்குத்தான் தண்ணீர் கொடுத்தார்.

கையாம் கை! பெரிய கை! இதை நம்பித்தான் அந்த ஞாயிறைத் தள்ளிவைத்தேன். அந்தக் கடைத்தெரு ஆளாவது இரண்டு பல்லோடு விட்டிருப்பார்.

பேனாவை வைத்துவிட்டுப் போனேன். இரண்டு மணி நேரம் கழித்து வந்து எழுதுகிறேன். மேலே எழுதியதை அடிக்கப் போவதில்லை. எழுதியது எழுதியதாகவே இருக்கட்டும்.

பையைக் கட்டும் முன்பு பாப்பாவைக் கூப்பிட்டு, "இதை எத்தனை தடவ திருப்பின?" என்று கேட்டேன்.

"பதினோரு தடவ. டெய்லி."

"யாரு தினமும் திருப்பச் சொன்னது?"

"மாமாதான். மூடியில எழுதியிருக்கே."

மூடியைத் திறந்து பார்த்தேன். "கால் திருகு. தவறக் கூடாது" என்று நீ எழுதியிருக்கிறாய். அதன்மேல் பென்சிலால் யாரோ திருத்தியிருந்தார்கள். "காலைத் திருகு."

"மாமா ஸ்பெல்லிங் தப்பா எழுதிட்டாரும்மா. காலைன்னு எழுத வந்து கால்னு எழுதியிருக்காரு. நான்தான் புள்ளிய அழிச்சிட்டு, முன்னாடி கொம்பு போட்டு, 'த்'தும் சேத்தேன். டிக்டேஷன்ல த் விட்டா மார்க் குறைப்பாங்க."

"வலிக்கலியா உனக்கு?"

"வலிச்சுது. சொன்னா நீ பல்லைப் பிடுங்கிடுவேல்ல? பல்லு சீக்கிரம் உள்ள போகட்டும்னு பிளேட்டக் கடிச்சுக் கடிச்சு ஏத்திக்கிட்டேன்."

நீ திருப்பாதே என்று நான் சொல்லவில்லையா என்று கேட்க வாயெடுத்தேன். சொல்லவில்லை. முதல் சனிக்கிழமை அவள் பிளேட்டை வெளியே எடுத்தபோது எச்சில் நூலாக நீண்டு என் மணிக்கட்டில் விழுந்தது. நான் கையை உதறிவிட்டு, "ச்சீ, நீயே பாத்துக்கோ, மூடியில எழுதியிருக்கு" என்று சொல்லிவிட்டேன். உன் கடிதம் என் பைக்குள்தான் இருந்தது. வாரத்துக்கு ஒரு முறை என்பது எனக்கு மட்டும்தான் தெரியும்.

இப்போது என்ன செய்ய வேண்டும் என்று உடனே எழுது. போனில் உன் எண்ணைத் திறந்துவிட்டேன். ஆனால் கூப்பிடாதே, என்னால் பேச முடியாது.

தங்கை

ஜூலை 18

பல்லி,

வெதுவெதுப்பான உப்புத் தண்ணீர், ஒரு நாளைக்கு நான்கு முறை கொப்பளிக்க வேண்டும். ஆறிய, மெல்ல வேண்டாத சாப்பாடு மட்டும். பிளேட்டைப் பற்றிய பேச்சே வேண்டாம். சீழ் இருப்பதால் இன்றைக்கே பெரிய ஆஸ்பத்திரியில் காட்டி மருந்து வாங்கு. ஆகஸ்ட் 3, காலை பத்து மணிக்கு இங்கே டாக்டரம்மா நேரம் ஒதுக்கியிருக்கிறார்.

அவரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். நீ அனுப்பிய பையையும் அவர் மேஜைமேல் வைத்தேன். திறந்து பார்த்தார். "மாடலைப் பாத்தீங்க. பிள்ளையைப் பாக்கல. மூக்கு அடைச்ச குழந்தை வாயையும் ஒரு கட்டையை வச்சு அடைச்சிருக்கீங்க" என்றார். அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலாம். இப்போது நான் பிளேட் எதையும் தொடக் கூடாது. பிளாஸ்டர் மட்டும் கலக்குகிறேன். இருபத்திரண்டு வருடத்துக்குப் பிறகு! அந்த இரண்டு சொல்லை எழுதிய கையைப் பார்த்தால் எனக்கே வெட்டிப் போடலாம் போல இருக்கிறது. நாங்கள் இங்கே நாள் முழுக்கக் கால் திருகு, அரைத் திருகு என்றுதான் பேசிக்கொள்கிறோம். வீட்டில் அதை ஒரு குழந்தை படிக்கும் என்று தோன்றவே இல்லை.

என் பங்கை ஒப்புக்கொண்டேன். இனி உன் பங்கு. என் மேஜைக்கு ஒரு நாளைக்கு இருபது பேர் எச்சில் வருகிறது. யார் பெற்ற பிள்ளைகளோ. அச்சில் நேற்றைய சாப்பாடு ஒட்டியிருக்கும். கழுவுகிறேன், கையைத் துடைக்கிறேன், டீ குடிக்கப் போகிறேன். உன்னால் ஒரே ஒரு பிள்ளையின் எச்சிலைத் தொட முடியவில்லை. நீயே பெற்ற பிள்ளையின் எச்சிலை. பதினோரு நாள் அதன் வாய் அழுகுகிறது, வாடை வருகிறது என்று நீ தள்ளி உட்கார்ந்திருக்கிறாய். ஏன் வருகிறது என்று குனிந்து பார்க்கவில்லை. நம் அம்மா அப்படி இல்லையே! உனக்கு யார் இந்த அருவருப்பைக் கற்றுக்கொடுத்தது?

அண்ணன்

ஜூலை 24

நீதான்.

எனக்கு எட்டு வயது, உனக்குப் பன்னிரண்டு. மாடிப்படி விளக்குக்குக் கீழே ஒரு பல்லி பூச்சியைக் கவ்விக்கொண்டிருந்தது. நீ அதைப் பார்த்தாய், என்னைப் பார்த்தாய். "முதல்ல பல்லு வருது, பின்னாடிதான் இவ வர்றா. பல்லி!" என்றாய். அம்மாகூடச் சிரித்தார். அடுத்த வாரம் தெருவில் அதுதான் என் பெயர், அடுத்த மாதம் பள்ளிக்கூடத்திலும்.

டம்ளர் ஞாபகம் இருக்கிறதா? பல்லி வாய் வைத்தால் விஷம் என்று, நான் குடித்துவிட்டு வைத்த தண்ணீரை மூக்கைப் பிடித்துக்கொண்டு ஜன்னல் வழியே கொட்டுவாய். உன் கூட்டாளிகள் வந்தால் தவறாமல் அதைச் செய்து காட்டுவாய். பிறகு என் டம்ளரைத் தனியாக வைத்தாய். ஏழு வருடம், அண்ணா. என் எச்சில் விஷம் என்று எனக்கே நம்பிக்கை வந்துவிட்டது. இன்றைக்கும் என் டம்ளரை நான் மற்றவற்றோடு சேர்த்துக் கழுவுவதில்லை.

நான் படியில் விழவில்லை.

பதினைந்து வயதில், நீ வேலை கற்றுக்கொள்ளப் போன வருடம், கடைத்தெருவில் பல் கட்டுகிறவரிடம் தனியாகப் போனேன். "அம்மா வரலியா?" என்று அவர் கேட்டார். "அவங்கதான் அனுப்பினாங்க" என்றேன். சொத்தையில்லாத இரண்டு பல்லைக் காகிதத்தில் மடித்துக் கையில் கொடுத்தார். சாக்கடையில் போட்டேன். வீட்டுக்கு வந்து, இரத்தத்தைத் துடைக்காமல், கடைசிப் படியில் உட்கார்ந்துகொண்டேன், யாராவது வந்து நான் விழுந்துவிட்டதாகக் கண்டுபிடிக்கட்டும் என்று. அடுத்த மாதம் நீ வந்து பிளேட்டை மாட்டினாய். கண்ணாடியைக் காட்டி, "இப்பப் பாரு, பல்லி அழகாயிட்டா" என்றாய்.

அதே ஆள்தான். அதே நாற்காலி. அங்கே பாப்பாவை உட்கார வைக்க நாள் குறித்தது நான். அவர் குறட்டைப் போட்டு வைத்திருக்கும் தண்ணீர் எனக்குத் தெரியாதா? அதைவிட மோசமானது எனக்குத் தெரியும் என்பதால்தான் நாள் குறித்தேன். பள்ளிக்கூடத்தில் பாப்பாவை என்ன சொல்லிக் கூப்பிடுகிறார்கள் என்று இன்றுவரை நான் கேட்டதில்லை. கேட்கப் பயம்.

அவளைப் பார்த்து எனக்கு அருவருப்பு வருகிறது என்றாய். அவளிடம் என்னைப் பார்க்கிறேன்.

மூன்றாம் தேதி டாக்டரம்மாவிடம் வருகிறோம். உன்னைப் பார்க்க வரவில்லை.

ஜூலை 29

தங்கச்சிக்கு,

இந்த ஒரு சொல்லை எழுத மூன்று தாளைக் கிழித்தேன். முப்பது வருடமாகக் கை அந்தப் பெயரையே எழுதிப் பழகிவிட்டது.

டம்ளரெல்லாம் ஞாபகமில்லை என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். பொய். நன்றாக ஞாபகம் இருக்கிறது. நீயும் சேர்ந்து சிரித்தாய் என்று ஞாபகம். கையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாய். ஏன் பொத்திக்கொண்டாய் என்று இந்த வாரம்தான் யோசிக்கிறேன்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். உனக்கு இரண்டாவது பிளேட் செய்தபோது முதல் மாடலை எடுத்துப் பார்த்தேன். விழுந்து உடைந்த பல் இருந்த இடம் அப்படி இருக்காது. எங்கேயாவது கிழிந்திருக்கும், பக்கத்துப் பல்லில் விரிசல் இருக்கும். உன்னுடையதில் இரண்டு குழியும் சுத்தமாக இருந்தன, ஓரத்தில் குறடு நழுவிய ஒரு தடம். அதற்குள் எனக்குத் தொழில் தெரியும். தெரிந்தும் மாடலை அலமாரியில் வைத்துவிட்டேன். கேட்டால் ஏன் என்று சொல்லிவிடுவாயே.

என்மேல் எனக்குக் குமட்டிக்கொண்டு வருகிறது. மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை. கேட்டால் நீ ஏதாவது பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

மூன்றாம் தேதி நான் பின்னறையில் இருப்பேன். வெளியே வர மாட்டேன்.

அண்ணன்

செப்டம்பர் 13

அண்ணா,

நீ சொன்னபடி வெளியே வரவில்லை. தரையில் பிளாஸ்டர் அப்பிய செருப்புத் தடத்தைப் பார்த்துப் பாப்பாதான் உள்ளே வந்தாள். அரை மணி நேரம் என்ன பேசினீர்கள் என்று நான் கேட்கவில்லை. "மாமாவுக்கு ஸ்பெல்லிங் சொல்லிக் குடுத்தேன்" என்றாள். அவள் சட்டையில் உன் கைத்தடம் வெள்ளையாக இருந்தது. துவைத்துவிட்டேன்.

மூக்கு டாக்டர் படம் எடுத்துக் காட்டினார். மூச்சு போகிற வழியில் முக்கால் பங்கு சதை. மாமியார், அறுப்பதெல்லாம் வேண்டாம் என்று ஆரம்பித்தார். அவரையே வாயில் ஒரு மிடறு தண்ணீர் வைத்து, கூடவே மூக்கையும் பிடித்துக்கொண்டு நூறு எண்ணச் சொன்னேன். முப்பதில் துப்பிவிட்டு எழுந்து போய்விட்டார். சதையை எடுத்து நான்கு வாரமாகிறது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த மறுநாள் மத்தியானம் தூங்கிக்கொண்டிருந்தவளிடமிருந்து சத்தமே வரவில்லை. பயந்து ஓடிப்போய் மூக்கின் கீழே விரலை வைத்தேன். காற்று வந்தது. வாய் மூடியிருந்தது. ஒன்பது வருடத்தில் அந்த முகத்தை நான் பார்த்ததே இல்லை.

டாக்டரம்மா வாயைப் பார்த்து, புதிதாக அளவெடுத்து, அவரே மாட்டிப் பார்த்துப் பிளேட் கொடுத்தார். பல் உள்ளே போக இரண்டு வருடமாவது ஆகும், பிறகு கம்பியும் போட வேண்டியிருக்கலாம் என்றார். சீட்டில் "வாரத்துக்கு ஒரு முறை, கால் சுற்று" என்று எழுதியிருக்கிறார். பாப்பா படித்துப் பார்த்து, பிழை இல்லை என்றாள்.

நேற்றுதான் புதுப் பிளேட்டுக்கு முதல் சனிக்கிழமை. நான்தான் செய்தேன். குமட்டவில்லை என்று பொய் சொல்ல மாட்டேன், அதெல்லாம் ஒரே நாளில் போய்விடாது. பல்லைக் கடித்துக்கொண்டு, நீ செய்த பல்லைத்தான், என் விரலை அவள் வாய்க்குள் விட்டுப் பிளேட்டை எடுத்தேன். நூல் விழுந்தது. கையை உதறவில்லை. கழுவித் திருப்பினேன். சின்னதாக ஒரு நறுக். திரும்ப மாட்டி, விரலால் ஈறைச் சுற்றித் தடவிப் பார்த்தேன். எங்கும் வெட்டவில்லை. அவள் கண்ணை மூடிக்கொண்டு காத்திருந்தாள்.

"உனக்கு ச்சீன்னு இல்லையாம்மா?" என்றாள் பிறகு.

"இருக்கு."

"எனக்கும்தான்" என்று சொல்லிச் சிரித்தாள். கையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள், அண்ணா.

அதைப் பார்த்ததும் என்ன தோன்றியதோ, என் பிளேட்டைக் கழற்றி அவள் முன்னால் வைத்தேன். இருபத்திரண்டு வருடத்தில் கதவைத் தாழ்போடாமல் நான் அதைக் கழற்றியது நேற்றுதான். ஓட்டையான என் வாயையும், மேஜைமேல் கிடந்த இரண்டு பல்லையும் மாறி மாறிப் பார்த்தாள். படியில் விழுந்ததாகச் சொல்லவில்லை. நடந்ததைச் சொன்னேன். உன்னையும் விட்டுவைக்கவில்லை.

குனிந்து என் பிளேட்டில் திருகைத் தேடியவள், "உன்னோடதுக்கு சாவி இல்லையாம்மா?" என்று கேட்டாள்.

"இல்ல. இதுல திருப்ப ஒண்ணும் இல்ல."

"அப்ப கழுவியாவது தரேன்" என்று, நான் தடுப்பதற்குள் வெறும் கையால் எடுத்துக்கொண்டு போனாள். கழுவித் தன் டம்ளரில் போட்டாள்.

தங்கச்சி